61 மெகாபிக்சல் கேமராவுக்கு எந்த மெமரி கார்டு?

கேள்வி: கல்யாண போட்டோகிராஃபி என் தொழில். 24 மெகாபிக்சல் கேமராவை விட்டுவிட்டு, செகண்ட் ஹேண்டில் சோனி ஏ7ஆர் 4 வாங்கியிருக்கிறேன். பழைய 64 ஜிபி கார்டுகள் இரண்டைத்தான் இதிலும் போடுகிறேன். கார்டின் மேல் '200 எம்பி' என்று அச்சடித்திருக்கிறது. ஆனாலும் தாலி கட்டும் நேரத்தில் தொடர்ந்து அழுத்தினால் கேமரா திக்குகிறது; கார்டு விளக்கு அணைய ஒரு நிமிடம் ஆகிறது. போன முகூர்த்தத்தில் 'இமேஜ் டேட்டாபேஸை ரெக்கவர் செய்யவா' என்று வேறு கேட்டது. கடைக்காரர் வி90 கார்டு, 256 ஜிபியில் ஒன்று வாங்கச் சொல்கிறார். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆன்லைனில் அதில் கால்வாசி விலைக்கு 512 ஜிபி வி90 கிடைக்கிறது. எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டுமே வேண்டாம். வி60 தரத்தில் 128 ஜிபி கார்டுகள் நான்கும், நல்ல யுஎச்எஸ்-2 கார்டு ரீடர் ஒன்றும் வாங்குங்கள். கடைக்காரர் அந்த ஒற்றைக் கார்டுக்குச் சொன்ன விலையையும் இந்த நான்கின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் பாதுகாப்பில் இருக்கும் வித்தியாசம் மிகப் பெரியது. கல்யாணம் திரும்ப நடக்காது. அதனால் இந்தத் தொழிலில் கார்டுக்கு ஒதுக்கும் பணம் முதலில் இரண்டாவது பிரதிக்குப் போக வேண்டும், மிச்சம்தான் வேகத்துக்கு.

உங்கள் கார்டில் உள்ள '200 எம்பி' என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். அது கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படிக்கும் வேகம். அதுவும் அந்த நிறுவனத்தின் தனி ரீடரில் போட்டால்தான் வரும். கார்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். தங்க நிறப் பட்டைகள் ஒரே வரிசையாக இருந்தால் அது யுஎச்எஸ்-1 கார்டு. அந்த முறையில் விநாடிக்கு 104 எம்பிதான் உச்சவரம்பு. கேமராவுக்குள் எழுதும்போது நடைமுறையில் 80, 90 எம்பி கிடைத்தால் நல்ல கார்டு. அந்த வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசைப் பட்டைகள் இருந்தால்தான் யுஎச்எஸ்-2. அதன் வரம்பு 312 எம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களிடம் இருப்பவை ஒற்றை வரிசைக் கார்டுகளே.

கார்டின் முகப்பில் பெரிய எண்ணைவிடச் சின்னதாக இருக்கும் 'வி' எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது விநாடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உத்தரவாதம்; வி60க்கு 60, வி90க்கு 90. இது குறைந்தபட்ச அளவு மட்டுமே, நிஜ வேகம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். லெக்ஸார் 1667எக்ஸ் வி60 கார்டுக்கு நிறுவனம் சொல்லும் எழுதும் வேகம் 120 எம்பி. சோனியின் எம் வரிசை டஃப் கார்டுக்கு 150. வி90 பக்கம் போனால் கிங்ஸ்டன் கேன்வாஸ் ரியாக்ட் பிளஸ் 260 எம்பி, சோனி ஜி வரிசை டஃப் 299 எம்பி.

இனி உங்கள் கேமராவின் கணக்கு. ஏ7ஆர் 4-ல் கம்ப்ரெஸ்டு ரா (சுருக்கிச் சேமிக்கும் மூலப் பட ஃபைல்) ஒரு படம் 60 எம்பிக்குச் சற்று மேலே வரும். அன்கம்ப்ரெஸ்டு என்றால் அதில் இரண்டு மடங்கு, 120 எம்பிக்கு மேல். எடுத்த படங்கள் கார்டுக்குப் போகும்வரை காத்திருக்கும் கேமராவின் தற்காலிக நினைவகம்தான் பஃபர். அது கம்ப்ரெஸ்டு ராவில் 68 படம்வரை தாங்கும் என்கிறது சோனி. விநாடிக்கு 10 படம் வேகத்தில் அழுத்தினால் ஏழு விநாடியில் அது நிரம்பிவிடும். நிரம்பிய பஃபரில் இருப்பது சுமார் 4.2 ஜிபி. அதை 80 எம்பி வேகத்தில் எழுத 53 விநாடி ஆகும். நீங்கள் சொல்லும் 'ஒரு நிமிடம்' இதுதான். 120 எம்பி எழுதும் வி60 கார்டில் 35 விநாடி. 250 எம்பி எழுதும் வி90 கார்டில் 17 விநாடி.

பஃபர் காலியாகும்வரை கேமரா அடியோடு நின்றுவிடுவதில்லை. கார்டு எழுதித் தள்ளத் தள்ள இடம் வருகிறது. உங்கள் பழைய கார்டில் விநாடிக்கு ஒரு படத்துக்குச் சற்று மேல், வி60-ல் ஏறக்குறைய இரண்டு, வி90-ல் நான்கு. ஆக, பஃபர் நிரம்பிய பிறகு வி90 உங்களுக்குக் கூடுதலாகத் தருவது விநாடிக்கு இரண்டு படம். கபடிப் போட்டியோ, பறவைகளோ எடுப்பவருக்கு அந்த இரண்டு படம் முக்கியம். கல்யாணத்தில் பஃபர் நிரம்பாமல் பார்த்துக்கொள்ளும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது: டிரைவ் மோடை 'ஹை பிளஸ்'ஸிலிருந்து இறக்கி 'மிட்'டில் வையுங்கள், விநாடிக்கு 6 படம் வரும். மூன்று முடிச்சுக்கும் மூன்று தனித்தனி அழுத்தம், ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்துப் படம். மொத்தம் முப்பதைத் தாண்டாது. 68-ஐ நெருங்கவே மாட்டீர்கள். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் தொடங்கியதும் ஒரே மூச்சில் விரலை எடுக்காமல் அழுத்துவதால்தான், அட்சதை தூவும் அடுத்த பத்து விநாடி கைவிட்டுப் போகிறது.

ரா ஃபைல் வகையும் 'கம்ப்ரெஸ்டு' என்றே இருக்கட்டும். இந்த மாடலில் இழப்பில்லாத கம்ப்ரெஷன் கிடையாது; ஏ7ஆர் வரிசையில் அது ஏ7ஆர் 5-ல்தான் வந்தது. கம்ப்ரெஸ்டு ராவில் தரம் குறையும் என்று பயப்படுபவர்கள் உண்டு. இருட்டுப் பின்னணியில் பளிச்சென்ற விளிம்பு இருந்து, எடிட்டிங்கில் நிழலை மிக அதிகமாகத் தூக்கினால் விளிம்போரத்தில் சிறு கறை தெரியலாம் என்பது உண்மை. மண்டப வெளிச்சத்தில் ஃபிளாஷ் போட்டு எடுக்கும் படங்களில் அதைக் கண்டுபிடிப்பது அரிது. அதற்காக இரண்டு மடங்கு கார்டும் இரண்டு மடங்கு ஹார்ட் டிஸ்க்கும் வாங்குவதில் அர்த்தம் இல்லை.

வீடியோவுக்கு வி90 வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தால், உங்கள் மாடலுக்கு அது பொருந்தாது. ஏ7ஆர் 4-ன் 4கே வீடியோ அதிகபட்சம் விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி. வி30 கார்டே தாராளம். ஏ7எஸ் 3 போன்ற கேமராவில் 600 மெகாபிட் வீடியோ எடுப்பவர்களுக்குத்தான் வி90 தேவை.

இப்போது இரண்டு ஸ்லாட் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேமராவில் இரண்டு ஸ்லாட்டுமே யுஎச்எஸ்-2. இதற்கு முந்தைய ஏ7ஆர் 3-ல் முதல் ஸ்லாட் மட்டும்தான் அப்படி. அந்த மாடல் வைத்திருக்கும் நண்பர்கள் வேகமான கார்டை ஒன்றாம் ஸ்லாட்டில்தான் போட வேண்டும். மெனுவில் ரெக்கார்டிங் மீடியா அமைப்புக்குள் போய், ரெக்கார்டிங் மோடை 'சைமல்டேனியஸ்' என்று மாற்றினால், எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒரு கார்டு செத்தாலும் கல்யாணம் பிழைக்கும். கேமரா வாங்கி வரும்போது இது பெரும்பாலும் 'ஸ்டாண்டர்டு' என்ற அமைப்பில் இருக்கும். அப்போது ஒரு கார்டில் மட்டும்தான் எழுதும். இரண்டு கார்டு போட்டிருப்பதால் இரண்டு பிரதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வேலை செய்பவர்கள் பலர். இன்றே திறந்து பாருங்கள்.

இந்த மோடில் ஒரு விதி உண்டு. இரண்டு கார்டில் எது மெதுவானதோ, அதன் வேகத்தில்தான் கேமரா ஓடும். வி90 ஒன்றை வாங்கி ஒன்றாம் ஸ்லாட்டில் போட்டு, இரண்டில் உங்கள் பழைய கார்டைப் போட்டால், அவ்வளவு பணம் கொடுத்தும் அதே 80 எம்பிதான். ஒற்றை வி90 வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது. கார்டை எப்போதும் ஜோடியாக வாங்குங்கள்: அதே நிறுவனம், அதே மாடல், அதே கொள்ளளவு.

128 ஜிபி கார்டில் கம்ப்ரெஸ்டு ரா ஏறத்தாழ 1,900 படம் பிடிக்கும். ஒரு ஜோடி முதல் நாள் மாலை வரவேற்புக்கு, இன்னொரு ஜோடி மறுநாள் முகூர்த்தத்துக்கு. வரவேற்பு முடிந்ததும் முதல் ஜோடியைக் கழற்றி, இரண்டு கார்டையும் வெவ்வேறு ஆளிடம் கொடுத்து வையுங்கள். ஒன்று உங்கள் பையில், ஒன்று உதவியாளர் பையில். பை திருடு போவதும் மண்டபத்தில் தொலைவதும் கார்டு கெடுவதைவிட அபூர்வம் அல்ல. 256 ஜிபி ஒன்றில் இரண்டு நாளையும் அடைத்து வைத்தால் இந்தப் பிரிப்பு சாத்தியமில்லை.

இப்போதைக்கு இரண்டு வி60 வாங்கத்தான் கையில் காசு இருக்கிறது என்றாலும் வழி உண்டு. அதே மெனுவில் 'சார்ட்' என்ற வகையைத் தேர்ந்து, ரா ஒன்றாம் ஸ்லாட்டுக்கும் ஜேபெக் இரண்டாம் ஸ்லாட்டுக்கும் போகும்படி வையுங்கள். ஒன்றில் புது வி60. இரண்டில் பழைய 64 ஜிபி. ஜேபெக் அளவை 'எம்' என்று வைத்தால் 26 மெகாபிக்சல், 6240க்கு 4160 பிக்சல் கிடைக்கும். 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் பாதிப் பக்கம் என்பது 12க்கு 18 அங்குலம். 300 டிபிஐ அச்சுக்கு அதற்கு 3600க்கு 5400 பிக்சல் போதும். ரா கார்டு போய்விட்டாலும், வெளிச்சமும் ஒயிட் பேலன்ஸும் சரியாக எடுத்திருந்தால் ஆல்பம் போட்டுவிடலாம். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். எடிட்டிங்கில் ரா தரும் இடம் ஜேபெக்கில் இருக்காது. இன்னொரு ஜோடி வாங்கும்வரை தாங்கும்.

அந்த 512 ஜிபி விஷயம். அசல் விலையில் கால்வாசிக்கு வி90 வருகிறது என்றால் அது வி90 ஆக இருக்க முடியாது. போலிக் கார்டில் நடப்பது இது: உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபி சிப், கண்ட்ரோலரில் மட்டும் 512 என்று பொய் எழுதியிருப்பார்கள். கேமராவும் கம்ப்யூட்டரும் அதை நம்பும். நிஜ இடம் தீர்ந்த பிறகு எடுக்கும் படங்கள் பழைய படங்களின் மேல் எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாமல் போகும். கேமரா திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். வீட்டுக்கு வந்து திறக்கும்போதுதான் பாதிப் படங்கள் சாம்பல் பட்டையாக நிற்கும். போலி என்பது ஆன்லைனில் மட்டும் இல்லை. பெயர் பெற்ற கார்டுகளின் பெட்டியையே அச்சு அசலாக அடித்துக் கடைகளுக்கும் அனுப்புகிறார்கள்.

அதனால் எங்கே வாங்கினாலும், எவ்வளவு கொடுத்து வாங்கினாலும், புதுக் கார்டை முழுக்கச் சோதிக்காமல் வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மேக்கிலும் லினக்ஸிலும் 'எஃப்3'. கார்டை ரீடரில் போட்டு, கொள்ளளவு முழுவதையும் தேர்ந்து, 'ரைட் பிளஸ் வெரிஃபை' கொடுங்கள். கார்டின் கடைசி மூலைவரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். யூஎஸ்பி 3 ரீடர் என்றால் 128 ஜிபிக்கு அரை மணி, முக்கால் மணி நேரம். பழைய யூஎஸ்பி 2 ரீடர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேலே போகும். பிழை இல்லை என்று முடிய வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். கார்டை மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். பெட்டியையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

சோதனை ஓடும்போது எழுதும் வேகத்தையும் கவனியுங்கள். முதல் சில ஜிபி வேகமாகப் போய், பிறகு 60-க்குக் கீழே சரிந்து அங்கேயே நின்றால் (ரீடர் நல்ல ரீடராக இருக்கும் பட்சத்தில்) அது வி60 இல்லை. இன்னொன்று: 128 ஜிபி கார்டை விண்டோஸ் 119 ஜிபி என்று காட்டும். இரண்டும் வேறு வேறு கணக்கு முறை; மோசடி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

வாங்கும்போது கார்டின் வரிசை எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். நிறுவனத்தின் இந்திய விநியோகஸ்தர் வாரண்டி உண்டா என்று கேளுங்கள். வாரண்டி கார்டுக்குத்தான், படத்துக்கு இல்லை. செகண்ட் ஹேண்ட் கார்டு வேண்டவே வேண்டாம். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிப் போடுவதும் வேண்டாம். தளர்வதற்கு இன்னொரு இணைப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

முடிந்தால் சோனி எம் வரிசை டஃப் போன்று ஒரே வார்ப்பாகச் செய்த கார்டைப் பாருங்கள். சாதாரண எஸ்டி கார்டு இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளை ஒட்டியது. நாளடைவில் ஓரம் விரியும். பட்டைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தடுப்புகள் ஒடிந்து ஸ்லாட்டுக்குள் விழும். பக்கவாட்டு லாக் பட்டன் தளர்ந்து, உள்ளே செருகும்போதே கீழே நகர்ந்து 'கார்டு லாக்' என்று காட்டும். டஃப் கார்டில் அந்தத் தடுப்புகளும் இல்லை, லாக் பட்டனும் இல்லை. கார்டு எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வருடத்தில் 50 கல்யாணம் எடுத்தாலும் ஒரு கார்டு முழுதாக நிரம்புவது 50 தடவைதான். அது சிப்புக்கு ஒரு பொருட்டே இல்லை. நடைமுறையில் கார்டைக் கெடுப்பவை வளைவு, ஈரம், அழுக்குப் பட்டை, எழுதும்போது பிடுங்குவது. நலங்கில் மஞ்சளும் எண்ணெயும் பட்ட விரலால் கார்டு மாற்றாதீர்கள். பட்டையில் படிந்த பிசுக்கு ஸ்லாட்டுக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை பிழை காட்டிய கார்டை, சோதனையில் தேறினாலும், கூலி வேலைக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

டேட்டாபேஸ் செய்திக்கு வருகிறேன். சோனி கேமரா கார்டில் படங்களைத் தவிர, அவற்றின் பட்டியலையும் ஒரு டேட்டாபேஸில் எழுதி வைக்கிறது. அந்தப் பட்டியலும் கார்டில் நிஜமாக இருப்பதும் பொருந்தாவிட்டால் இந்தச் செய்தி வரும். கம்ப்யூட்டரில் வைத்துப் படங்களை அழித்தது, ஃபோல்டர் பெயரை மாற்றியது, வேறு கேமராவில் பயன்படுத்திய கார்டை ஃபார்மேட் செய்யாமல் போட்டது, எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தது: இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பழைய கேமராவில் இருந்து கார்டை அப்படியே மாற்றிப் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலும் படங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் மண்டபத்திலேயே 'ஓகே' கொடுக்காமல், கேமராவை அணைத்துக் கார்டை எடுத்துவிட்டு அடுத்த ஜோடியைப் போடுங்கள். வீட்டில் 'டிசிஐஎம்', 'பிரைவேட்' இரண்டு ஃபோல்டரையும் முழுதாகக் காப்பி செய்த பிறகு ரெக்கவர் கொடுக்கலாம்.

படங்களே காணாமல் போயிருந்தால் கதை வேறு. அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. லாக் பட்டன் இருந்தால் கீழே தள்ளிவிடுங்கள். விண்டோஸ் 'ஃபார்மேட் செய்யவா', 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று கேட்கும். இரண்டுக்கும் 'வேண்டாம்' சொல்லுங்கள். 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் சோனி ராவையும் மீட்டுத் தரும். மீட்ட படங்களை அதே கார்டில் அல்லாமல் வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். கார்டைக் கம்ப்யூட்டர் அடையாளமே காணவில்லை என்றால் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காமல், டேட்டா மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

ரீடரைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. யுஎச்எஸ்-2 கார்டைச் சாதாரண ரீடரிலோ லேப்டாப் ஓரத்து ஸ்லாட்டிலோ போட்டால் அது யுஎச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும். நிறைந்த 128 ஜிபி கார்டை 90 எம்பியில் இறக்க 24 நிமிடம்; 250 எம்பியில் ஒன்பது நிமிடத்துக்குள். அந்த வேகம் வர டிஸ்க்கும் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும்.

இறக்கும்போது 'கட் - பேஸ்ட்' செய்யாதீர்கள். நடுவில் கேபிள் ஆடினால் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக நிற்கும். காப்பி மட்டும்தான். 'டெராகாப்பி' போன்ற மென்பொருளில் வெரிஃபை வசதியை இயக்கினால் சரியாக வந்ததா என்று அதுவே ஒப்பிட்டுச் சொல்லும். ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர் போடுங்கள். ஃபைல் எண் 9999-ஐத் தாண்டினால் மறுபடி 1-லிருந்து தொடங்கும். எண் அமைப்பு 'ரீசெட்'டில் இருந்தால் ஃபார்மேட் செய்ததும் தொடங்கிவிடும். இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒரே பெயர் கொண்ட வரவேற்புப் படத்தின் மேல் முகூர்த்தப் படம் ஏறிவிடலாம்.

இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வெரிஃபை ஆன பிரதி இருந்தால்தான் கார்டை அழிக்கலாம். அதையும் கம்ப்யூட்டரில் செய்யாமல், அடுத்த வேலைக்குக் கிளம்பும் முன் கேமராவிலேயே, அந்தந்த ஸ்லாட்டைத் தேர்ந்து, இரண்டு கார்டையும் ஃபார்மேட் செய்யுங்கள்.